ஊட்டி மெயின் பஜார் பிரேம் கடையில் இலங்கை மாகாணங்கள்: ஏழு தாள் வரைபடத் தொகுப்பு

ஊட்டி மெயின் பஜாரில் ஒரு சின்ன பிரேம் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் பிரேம், லேமினேஷன், பெரிய பிரிண்ட் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் கேட்டால் உள்ளேயிருந்து சுருள் சுருளாக வரைபடங்கள் வரும். எல்லாமே பழைய நிர்வாக எல்லைகள். கடைக்காரர் நில அளவை வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தானே கையால் வரைந்து, அதை ஸ்கேன் செய்து அச்சடித்து விற்கிறார். நான் வாங்கியது இலங்கையின் மாகாணங்கள் 1815 முதல் 2007 வரை மாறி வந்ததைக் காட்டும் தொகுப்பு. ஏ2 அளவில் ஏழு தாள்கள், விலை 1,400 ரூபாய். லேமினேஷனுக்குத் தனிக் காசு.

சுவரில் அழகுக்கு மாட்ட இதை வாங்கவில்லை. பந்தலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்பித் தருவது, மனு எழுதித் தருவது, இதுதான் பிழைப்பு. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று எங்கள் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி இருப்பவர்களில் நிறையப் பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் என் கடைக்கு வருகிறார்கள். என் அப்பா ஹப்புத்தளைத் தோட்டத்தில் பிறந்தவர், அம்மா பலாங்கொடைப் பக்கம். கடைக்கு வருகிறவர்கள் கையில் கொண்டுவரும் பழைய காகிதங்களில் ஊவா மாகாணம், சப்ரகமுவ மாகாணம், மத்திய மாகாணம் என்று இருக்கும். பிறப்புச் சான்றின் நகல் வேண்டுமென்றால் எந்த மாவட்டத்துக்கு எழுத வேண்டும், பழைய காகிதத்தில் இருக்கிற மாவட்டம் இன்றைக்கும் அதே மாவட்டம்தானா என்பது எனக்கு அன்றாடக் கேள்வி. இந்தக் கண்ணோடுதான் தொகுப்பைப் பார்த்தேன்.

முதல் தாள் 1815. இரண்டே நிறம். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கடற்கரை ஒரு நிறம், 1815இல் கைக்கு வந்த கண்டி ராஜ்ஜியம் இன்னொரு நிறம். கடற்கரைப் பகுதியை முதல் சில வருடங்கள் சென்னையிலிருந்துதான் கிழக்கிந்தியக் கும்பினி ஆண்டது. 1802இல்தான் அது முழுக்க மகுடத்தின் காலனி ஆனது. நம் நீலகிரி 1799இல் திப்பு விழுந்த பிறகு கும்பினி கைக்கு வந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு மலைநாடுகளின் கதையும் எவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கிறது என்பது தெரியும். தாளின் ஓரத்தில் இதைச் சின்னக் குறிப்பாக எழுதியிருக்கிறார். நல்ல காரியம்.

தொகுப்பிலேயே சிறந்தது இரண்டாம் தாள். 1833. கோல்புரூக், கேமரன் ஆணையம் சொன்னபடி கடற்கரைக்கு ஒரு நிர்வாகம், கண்டிக்கு ஒரு நிர்வாகம் என்றிருந்ததை ஒழித்து, தீவு முழுவதையும் ஐந்து மாகாணமாக வெட்டினார்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மத்தி. பள்ளிப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். இந்தத் தாளில் ஐந்து மாகாணத்தின் நிறத்துக்கு மேலே பழைய கண்டி ராஜ்ஜியத்தின் எல்லையை மெல்லிய சிவப்புக் கோட்டால் போட்டிருக்கிறார். அப்போதுதான் விஷயம் புரிகிறது. அந்தச் சிவப்புக் கோட்டுக்குள்ளே ஐந்து நிறமும் இருக்கின்றன. நுவரகலாவிய வடக்கோடு போயிருக்கிறது. தமன்கடுவவும் பிந்தென்னவும் கிழக்கோடு. சப்ரகமுவ, கீழ் ஊவா, வெல்லஸ்ஸ தெற்கோடு. இன்றைய குருநாகல் இருக்கிற ஏழு கோறளை என்ற பகுதி மேற்கோடு. நடுவில் மிச்சமிருந்ததற்குத்தான் மத்திய மாகாணம் என்று பெயர். கண்டி என்ற நினைப்பையே உடைக்க வேண்டும் என்பது அந்தப் பிரிப்பின் நோக்கங்களில் ஒன்று. 1817, 1818இல் ஊவாவில் எழுந்த கலகம் ஆட்சியாளர்களுக்கு மறந்திருக்காது. காரணத்தை அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தச் சிவப்புக் கோடே சொல்லிவிடுகிறது. வரைவாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மூன்றாம் தாள் 1845. மேல் மாகாணத்திலிருந்து (மேற்கைத்தான் இலங்கையில் மேல் என்பார்கள்) சிலாபம், புத்தளம், ஏழு கோறளையைப் பிரித்து வடமேல் மாகாணம். அவ்வளவுதான். இதற்கு ஒரு தனித்தாள் தேவையா என்று எனக்குச் சந்தேகம்.

நான்காவது 1873. ஆளுநர் கிரகரி காலத்தில் வடமத்திய மாகாணம் பிறந்தது. நுவரகலாவியவை வடக்கிலிருந்தும் தமன்கடுவவைக் கிழக்கிலிருந்தும் எடுத்துச் சேர்த்து, அனுராதபுரத்தைத் தலைநகராக்கினார்கள். நாற்பது வருடம் அந்தக் குளத்து நாடு யாழ்ப்பாணத்துக் கச்சேரியின், அதாவது அரசாங்க அலுவலகத்தின், கடைசி மூலையாகக் கிடந்தது. குளங்கள் உடைந்து கிடந்தன, காய்ச்சல், பஞ்சம். தூரத்து அதிகாரிக்குக் கீழே இருக்கிற நிலம் எப்படிப் பாழாகும் என்பதற்கும், பக்கத்தில் ஓர் அரசாங்க அதிபரை (நம் கலெக்டர் மாதிரி) உட்கார வைத்தால் குளம் திருத்துகிற வேலை எப்படித் தொடங்கும் என்பதற்கும் இது நல்ல சாட்சி. மலையிலிருந்து ஊட்டிக்கு ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்க பஸ்ஸில் போய்வரும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் தாளை விளக்கவே வேண்டியதில்லை. பழைய வடமாகாண எல்லையைப் புள்ளிக் கோடாக விட்டிருப்பதால் எவ்வளவு நிலம் கைமாறியது என்று பார்த்த உடனே பிடிபடுகிறது.

ஐந்தாவது தாளில்தான் எனக்குக் குறை. 1886இல் ஊவா, 1889இல் சப்ரகமுவ, இரண்டையும் ஒரே தாளில் போட்டுவிட்டார். இரண்டும் ஆளுநர் கோர்டன் காலத்தவை என்பதால் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. இந்த இரண்டு மாகாணங்களும்தான் மலையகத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு முக்கியம். மத்திய மாகாணத்தின் கிழக்குச் சரிவோடு சுற்றிலும் இருந்த துண்டுகளைச் சேர்த்துப் பதுளையைத் தலைநகராக வைத்ததுதான் ஊவா. 1833க்குப் பிறகு தெற்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு மாறியிருந்த இரத்தினபுரியையும், அதே மேல் மாகாணத்திலிருந்த கேகாலையையும் பிரித்தெடுத்ததுதான் சப்ரகமுவ. கோப்பிச் செடி நோயில் அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தலைமன்னார்ப் பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஹப்புத்தளையிலிருந்து பெரகல, ஹல்துமுல்ல வழியாக இறங்கினால் பெலிஹுல்ஓயா, பிறகு பலாங்கொடை. அப்பா ஊருக்கும் அம்மா ஊருக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவுதான். 1885இல் அந்தச் சரிவின் மேல்பக்கம் மத்திய மாகாணம், கீழ்ப்பக்கம் மேல் மாகாணம். நான்கே வருடத்தில் மேலே ஊவா, கீழே சப்ரகமுவ. இந்த மாற்றத்தை ஒரே தாளில் பார்த்தால் எது முன்னால், எது பின்னால் என்று பிள்ளைகளுக்குக் குழம்பும். போதாக்குறைக்கு ஊவாவுக்கும் சப்ரகமுவவுக்கும் கிட்டத்தட்ட ஒரே பச்சை. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லையே தெரியவில்லை. அவரிடம் நேராகவே சொன்னேன். “தம்பி, அடுத்த அச்சுல ஊவாவை மஞ்சளாக்கிடறேன்” என்றார். 1886க்குத் தனித்தாள் கேட்டேன். வரைந்து வைத்திருக்கிறார், கேட்பவர்களுக்கு மட்டும் அச்சடித்துத் தருவாராம். தொகுப்பிலேயே சேர்த்திருக்க வேண்டிய தாள் அது.

இன்னொன்று. ஊர்ப்பெயர்கள் மிகக் குறைவு. மாகாணத் தலைநகர்கள், துறைமுகங்கள், அவ்வளவே. ஹட்டன், தலவாக்கலை, ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, யட்டியாந்தோட்டை எதுவும் இல்லை. இலங்கை வரைபடத்தை நீலகிரியில் யார் வாங்குவார்கள்? எங்கள் ஆட்கள்தான். அவர்கள் முதலில் தேடுவது தாத்தா பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்து டவுனை. இதைச் சொன்னதும் அவர் ஒரு காரியம் செய்தார். என் தாள்களில் நான் சொன்ன ஊர்களை அங்கேயே பென்சிலால் குறித்துவைத்து, பிறகு மையில் எழுதித் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. எழுத்து அச்செழுத்து மாதிரியே இருக்கிறது. ஹப்புத்தளை என்று அவர் எழுதுவதை அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். பலாங்கொடையையும் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

என் வேலைக்கு அதிகம் உதவுவது ஆறாம் தாள். இதில் மாகாணம் பின்னால் போய்விடுகிறது, மாவட்டம் முன்னால் வருகிறது. 1955இல் சட்டம் போட்டு மாவட்டத்தையே நிர்வாகத்தின் முக்கிய அலகாக்கினார்கள். அரசாங்க அதிபர் மாகாணத்துக்கு ஒருவர் என்று இருந்தது போய், மாவட்டத்துக்கு ஒருவர் ஆனார். மாகாணம் என்பது காகிதத்தில் எழுதும் பெயராக நின்றது. அப்புறம் மாவட்டங்கள் பிரிந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை. 1978இல் கொழும்பிலிருந்து கம்பகா. 1984 பிப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து கிளிநொச்சி. அதோடு இருபத்தைந்து மாவட்டங்கள். தாளில் ஒவ்வொரு புது மாவட்டமும் எதிலிருந்து பிரிந்ததோ அதே நிறத்தின் வெளிர்ச் சாயலில் இருக்கிறது. பிரிந்த வருடம் உள்ளேயே எழுதியிருக்கிறது. எழுத்து மட்டும் மிகச் சின்னது. நாற்பது வயதுக்கு மேலே என்றால் கண்ணாடி வேண்டும்.

இந்தத் தாள் எனக்கு ஏன் உதவியது என்று சொல்கிறேன். கொளப்பள்ளிப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய அப்பா அம்மா மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியவர்கள். தோட்டத்திலிருந்து அப்படி வடக்கே வன்னிப் பக்கம் போனவர்கள் ஏராளம். அக்கா 1979இல் அங்கே பிறந்தார், தம்பி 1985இல் அதே வீட்டில் பிறந்தார். அக்காவின் சான்றில் யாழ்ப்பாணம் மாவட்டம். தம்பியின் சான்றில் கிளிநொச்சி மாவட்டம். இங்கே ஓர் அலுவலகத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரே குடும்பம் என்கிறீர்கள், ஊர் வேறு வேறாக இருக்கிறதே என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதார். ஆறாம் தாளை விரித்துக் காட்டினேன். இவர் பிறந்தபோது கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, 1984இல் பிரிந்தது, தம்பி பிறந்தது அதற்குப் பிறகு. இதை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதினோம், தாளின் நகலையும் வைத்தோம். கடையில் வாங்கிய வரைபடம் ஆதாரம் ஆகாது என்று நகலை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிரமாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எல்லை மாறிய வருடத்தை அறியாத ஒரு மேசை, ஒரு குடும்பத்தையே சந்தேகப்படும். படிவம் நிரப்பித் தருகிற தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு தாளையாவது வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

மாவட்டத்துக்குக் கீழே, நம் தாலுகா மாதிரி இருக்கிற பிரதேச செயலகப் பிரிவுகள் இந்தத் தாளில் இல்லை. அது பெரிய விடுபடல். நுவரெலியா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று நெடுங்காலம் ஐந்தே பிரிவுகள். தோட்டத்து ஜனம் அடர்த்தியாக இருக்கிற அம்பகமுவவிலும் நுவரெலியாவிலும் ஒரு செயலகத்துக்குக் கீழே இலட்சக்கணக்கில் ஆட்கள். பிரிவுகளைக் கூட்ட வேண்டும் என்று மலையக மக்கள் கேட்டுக் கேட்டுக் களைத்த விஷயம் இது. எல்லைக்கோட்டால் யாருக்கு எவ்வளவு தூரம் நடை என்று காட்டுவதுதான் இப்படி ஒரு தொகுப்பின் உயிர். அந்தக் கேள்வி தோட்டத்துக்கு வரும்போது தாள் நின்றுவிடுகிறது. எட்டாவதாக ஒரு தாள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரியான அடிப்படை வரைபடம் கிடைக்காமல் வரைய மாட்டேன் என்றார். அதை நான் மதிக்கிறேன்.

ஏழாவது, 1988 முதல் 2007 வரை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதையொட்டி இலங்கை அரசியலமைப்பில் பதின்மூன்றாம் திருத்தம், மாகாண சபைகள். முப்பது வருடத்துக்கு மேல் பெயரளவில் நின்றுவந்த மாகாணத்துக்குத் திரும்ப உயிர் வந்தது. 1988 செப்டம்பரில் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தார்கள். கிழக்கில் வாக்கெடுப்பு நடத்தி மக்களைக் கேட்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டதே தவிர, நடக்கவே இல்லை. 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைத்த முறையே சட்டப்படி செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் மறுபடி இரண்டு மாகாணம். இதை வரைவது எளிதல்ல. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவர் மனம் நோகும். அவர் வடகிழக்கு முழுவதுக்கும் ஒரே நிறம் கொடுத்து, நடுவில் பழைய எல்லையை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட்டு, பக்கத்தில் இரண்டு தேதிகளை மட்டும் எழுதியிருக்கிறார். தலைநகர் திருகோணமலை என்ற குறிப்பும் உண்டு. நேர்மையான தாள். சண்டை நடந்த வருடங்களில் எந்த இடம் யார் கையில் இருந்தது என்பதை இதில் சேர்க்கவில்லை. சட்டத்தின் எல்லை வேறு, துப்பாக்கியின் எல்லை வேறு என்று பிரித்து நின்றது சரிதான்.

காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தலூர் மழை அப்படி. ஜூன், ஜூலையில் எங்கள் வீட்டில் சுவரே வியர்க்கும். தாள் தடிமனானது, மை பரவவில்லை. ஆனால் பிரேம் போடும்போது பின்பக்கம் சாதாரண அட்டைதான் வைக்கிறார்கள், அதில் பூஞ்சணம் பிடிக்கிறது. சுவரில் மாட்டுவதென்றால் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் வைக்கச் சொல்லுங்கள். பளபள லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதி படம் தெரியாது. மங்கல் லேமினேஷன் கேட்டால் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துப் போட்டுத் தருகிறார். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நடுவட்டம் வழியாக பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் குழாய்ப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அறுபது ரூபாய்தான். பாலித்தீனில் சுற்றித் தருவது மழைக்குத் தாங்காது.

அதே கடையில் நீலகிரி எல்லைத் தொகுப்பும் இருக்கிறது, ஐந்து தாள், 1,000 ரூபாய். இலங்கைத் தாள்களைப் பார்த்த கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும். முதலில் மலை முழுக்கக் கோயம்புத்தூரோடு. 1830இல் ஊட்டி உட்பட மேற்குப் பாதியை மலபாருக்குக் கொடுத்தார்கள், 1843இல் திரும்ப வாங்கினார்கள். 1868இல் பிரீக்ஸ் என்ற ஆணையரின் கீழ் தனி நிர்வாகம். 1873இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு சேர்ந்தது, 1877இல் தென்கிழக்கு வயநாடு, அதாவது கூடலூர், தேவாலா, பந்தலூர் எல்லாம். 1882இல் கலெக்டர் வந்து மாவட்டம் ஆனது. நான்காம் தாளில் 1877இல் வந்த பகுதியை மட்டும் கோடு போட்டு நிரப்பியிருக்கிறார். அந்தக் கோடுகளுக்குள்தான் என் கடை இருக்கிறது. மலபாரிலிருந்து நிலம் இங்கே வந்தது, ஜென்மம் என்கிற மலபாரின் பரம்பரை நில உரிமையும் கூடவே வந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம், அதை ஒழித்த 1969 கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வரைக்கும் இங்கே ஓடியது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலங்களுக்கு இன்றைக்கும் பட்டா இல்லாமல், கரண்டுக்கு அலைகிற ஆட்களுக்கு நான்தான் மனு எழுதுகிறேன். மாவட்டக் கோடு 1877இல் மாறியது, நிலத்தின் கணக்கு இன்னும் மாறி முடியவில்லை. இந்தத் தாளின் அடியில் 1969 சட்டத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் கூடலூர், பந்தலூர் ஆட்கள் தேடி வந்து வாங்குவார்கள். அவரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தனித்தாள் 250 ரூபாய். முழுத் தொகுப்பு வேண்டாம் என்றால் 1833, மாவட்டங்கள், இந்த இரண்டை எடுங்கள். குடும்பம் பதுளை, இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் என்றால் ஐந்தாவதோடு 1886 தனித்தாளையும் கேளுங்கள். தாத்தா பாட்டியின் காகிதத்தில் இருக்கிற ஊர்ப்பெயரை, எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் பழைய பெயர்களை வைத்துத் தேடிப் பிடித்துக் குறித்துக் கொடுப்பார். செவ்வாய்க்கிழமை சந்தை நெரிசலில் போக வேண்டாம், அன்றைக்கு பிரேம் வேலை அதிகம், தாள்களை விரித்துப் பார்க்க மேசை காலியாக இருக்காது.